நன்னீர் இறாலும் அது வாழும் நீரும்

நீர்வாழுயிர்களைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு இல்லத்தே வளர்க்கும் வழக்கம் மேனாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றியது. 1850ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயனக் கழகத்தின் முன்னிலையில் றொபேட் வாறிங்ரன் என்னும் அறிஞர் தாம் செய்த சோதனையொன்றை எடுத்து விளக்கினார். பொன்மீன் இரண்டினையும் வலிசினேரியா என்னும் நீர்ப்பூண்டினையும் ஒரு பாத்திரத்தில் இட்டுவைத்த அவர், பூண்டின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தமை கண்டு, குளத்து நத்தைகள் சிலவற்றை அதனுட் சேர்த்தார். நத்தைகள் அழுகலை உண்டன, நீர் தெளிந்தது. விலங்கு, தாவரம், அழுகலுண்ணி என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும் முறைமை இதனாற் புலனாயிற்று.

வாறிங்ரனின் பாத்திரத்தில் நத்தை செய்த தொண்டினையே இக்காலத்து இல்லத்தொட்டிகள் பலவற்றிற் சிறிய நன்னீர் இறால்கள் செய்கின்றன. ஆயின் நத்தைக்குள்ள தாங்குந்திறன் இறாலுக்கு வாய்க்கவில்லை. மீன் சிறிதும் வருந்தாத நீரிலே இறால் மாண்டொழிவதுண்டு. புதிதாக இறால் வளர்க்கப் புகுவோர் முதற் சில கிழமைகளுள் அவற்றை இழப்பதற்குக் காரணம் பெரும்பாலும் புறக்கணிப்பன்று, மிகையான பராமரிப்பேயாம்.

இல்லங்களில் மிகப் பரவலாக வளர்க்கப்படுவது செரி இறால் எனப்படும் நியோகரிடினா டேவிடி ஆகும். தாய்வான், சீனம் முதலிய நாடுகளின் ஓடைகளுங் குளங்களும் இதன் தாயகம். இயற்கையிலே இது கபிலங் கலந்த மங்கிய நிறத்தது. கடைகளிற் காணப்படும் செந்நிறம் தெரிந்தெடுத்து இனம்பெருக்கியதனால் வந்தது. பெண் ஏறத்தாழ 3 சதமமீற்றர் வரை வளரும். ஆண் அதனினுஞ் சிறியது. ஆயுள் ஓராண்டு முதல் ஈராண்டு வரையெனலாம். அத்தியிடே என்னும் இதன் குடும்பத்திற்கு ஒரு தனிச்சிறப்புண்டு. முன்னிரு சோடிக் கால்களின் நுனியிலுள்ள சிறு கொடுக்குகள் மயிர்க்குஞ்சங்களை உடையன. அக்குஞ்சங்களாற் கல்லையும் இலையையும் மரத்துண்டினையும் இடையறாது துடைத்து, அவற்றிற் படிந்த அல்காக்களையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் இறால் வாய்க்குட் செலுத்துகின்றது. அது நாள் முழுவதும் 'மேய்வது' இவ்வாறே.

இவ்வொன்றை உணர்ந்தால் வளர்ப்பு முறையிற் பாதி விளங்கிவிடும். கழுவித் துடைத்துப் புதுநீர் நிரப்பிய பளபளப்பான தொட்டி மனிதர் கண்ணுக்கு அழகியது. இறாலுக்கோ அது வெறும் பாலைநிலம். அங்கே மேய்ச்சலுமில்லை, கழிவை மாற்றும் பற்றீரியாக்களுமில்லை. நீர்வாழுயிர்களின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவைத் தோற்றுவிக்கின்றன. அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றைப் பிறிதொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றும். இத்தொழிலைச் செய்யும் உயிர்களை 1890ஆம் ஆண்டளவிற் பிரித்தெடுத்துக் காட்டியவர் உருசிய அறிஞர் வினோகிராட்சுகி. முன்னைய இரண்டும் இறாலுக்குக் கொடிய நஞ்சு; மூன்றாவது அத்துணைத் தீங்கற்றது. இப்பற்றீரியாக்கள் வடிபஞ்சிலும் மணலிலும் நிலைபெறுதற்கு 4 முதல் 6 கிழமைகள் வரை செல்லும். அதுகாறும் பொறுத்திருந்து, பாசியும் பூண்டும் வேர்கொண்டபின் இறாலை விடுவதே முறை. நிலைபெற்ற வடிபஞ்சினைக் குழாய்நீரிற் பிழிந்து கழுவுவோர், குளோரீனாற் பற்றீரியாக்களைக் கொன்று, தொட்டியை முதல்நாள் நிலைக்கே மீட்டுவிடுகின்றனர். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை இலேசாக அலசுதல் போதும்.

உணவு பற்றி நெடிது கூறவேண்டுவதில்லை. அவித்த கீரைத் துண்டொன்று, நாட்டு வாதுமையின் உலர்ந்த சருகொன்று, கிழமைக்கு இரண்டு மூன்று முறை சிறிதளவு மீனுணவு ஆகியன ஒரு சிறு கூட்டத்திற்கு அமையும். சில மணிநேரத்துள் உண்ணப்படாத உணவை அகற்றிவிடல் வேண்டும்.

இறாலின் வாழ்வில் இடர் மிக்க வேளை அது தோலுரிக்கும் வேளையாகும். கைற்றினாலும் கல்சியங் காபனேற்றினாலும் ஆகிய அதன் புறவோடு உடலோடு வளர்வதன்று. ஆதலின் இடையிடையே பழைய ஓட்டினைக் கழற்றி, நீரை உள்ளேற்று உடலைப் பருக்கச் செய்து, புதிய ஓட்டினை வன்மையாக்கிக் கொள்கின்றது. நீரின் உப்புச்செறிவு சடுதியாக மாறுமாயின் இந்நிகழ்ச்சி குழம்பும். தலைமார்புக்கும் வயிற்றுக்கும் இடையே வெண்வளையம்போல ஒரு பிளவு தோன்றி, ஓடு முற்றக் கழலாமல் இறால் இறந்துபோம். பாதிநீரை ஒருமிக்க மாற்றுதல், கடையிலிருந்து கொணர்ந்த இறாலை உடனே தொட்டியிற் கொட்டுதல் என்பனவே இதற்குப் பெரும்பாலும் வழிவகுப்பன. கொணர்ந்த நீரோடு தொட்டிநீரைத் துளித்துளியாக ஒன்றிரண்டு மணிநேரம் கலந்தபின் விடுதலும், கிழமைக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை மட்டும் மாற்றுதலும் பாதுகாப்பானவை. கழன்ற வெற்றோட்டினை இறந்த இறாலென மயங்கி எடுத்தெறிவாருமுளர். அதிலுள்ள கல்சியத்தை இறால் மீண்டும் உண்டு பயன்கொள்ளுமாதலின் அதனை அங்கேயே விட்டுவைத்தல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணக்கற் படையினூடு ஊறி வருவதாதலின் வன்னீராகும். கல்சியம் வேண்டிய செரி இறாலுக்கு இது ஒருவகையிற் பேறே. எனினும், உரமிடுந் தோட்டங்களையடுத்த கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. சில இடங்களில் உவர்ப்பும் உண்டு. அத்தகைய நீரோடு தூயதாகச் சேர்த்த மழைநீரைக் கலந்து கொள்ளலாம். மழைநீரைத் தனியே பயன்படுத்தல் ஆகாது. ஓடு உருவாதற்கு வேண்டிய கனியுப்பு அதில் இல்லை. நகரங்களின் குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தாற் குளோரீன் நீங்கும். குளோரமீன் கலந்த நீராயின் அவ்வாறு நீங்காது, அதற்குரிய மருந்திட்டே நீக்கல் வேண்டும்.

செம்பின் செய்தி வியப்பிற்குரியது. மனிதக் குருதியில் இரும்பினையுடைய ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமப்பதுபோல, இறாலின் குருதியிற் செம்பினையுடைய ஈமோசயனின் அதனைச் சுமக்கின்றது. செம்பின்றி அதற்கு மூச்சில்லை. அங்ஙனமாகவும், நீரிற் கரைந்த செம்பு சிறிது மிகினும் அதற்கு அதுவே கூற்றாகின்றது. மீன்களின் ஒட்டுண்ணிகளை நீக்கும் மருந்துகள் சிலவற்றிற் செப்புச் சல்பேற்று உண்டு. மீனுக்கு நோயென்று அம்மருந்தினை ஒருமுறை இட்டோர், மறுநாள் மீன் நலமாயிருக்க இறால் முழுவதும் மாண்டுகிடக்கக் காண்பர். பூச்சிகொல்லிகளும் இத்தகையனவே. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தனவாதலின், நுளம்பைக் கொல்லத் தெளிக்கும் மருந்து தொட்டியில் வீழின் இறாலையும் கொல்லும். கடையில் வாங்கிய நீர்ப்பூண்டினைச் சில நாள் வேற்றுநீரில் வைத்து, அந்நீரைப் பலமுறை மாற்றியபின் நடுதல் வேண்டுவதும் இதுபற்றியே.

வெப்பநாடுகளில் வளர்ப்போர்க்கு இன்னுமொரு தொல்லையுண்டு. செரி இறாலுக்கு 20 முதல் 26 பாகை செல்சியசு வரை இதமானது. 20 பாகையில் ஓர் இலீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையிலோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே. வெப்பம் ஏற ஏற இறாலின் ஒட்சிசன் தேவை கூடுகின்றது; நீரிலுள்ள ஒட்சிசனோ குறைகின்றது. ஆதலாற் கோடைநாளில் வெயில்படாத மூலையும், நீர்மேற்பரப்பில் வீசும் சிறு விசிறியும், இடையறாத காற்றூட்டலும் இன்றியமையாதன. நெற்றிமுள்ளின் அருகே வெண்ணூல் போல அசையும் இசுக்குற்றாரியெல்லா என்னும் ஒட்டுண்ணிப் புழு முதலியன காணப்படின், குறுகியநேர உப்புநீர்க் குளிப்பு உதவும்.

நலமாகவுள்ள தொட்டியில் இனப்பெருக்கம் தானே நிகழும். பெண் இருபது முப்பது முட்டைகளை வயிற்றின் கீழ்க் கால்களிடையே தாங்கி, மூன்று நான்கு கிழமைகள் விசிறிக்கொண்டேயிருக்கும். யப்பானின் அமானோ இறாலுடைய குடம்பிகள் உவர்நீரின்றி வளரா. செரி இறாலுக்கு அத்தடையில்லை. குஞ்சு பொரிக்கும்போதே தாயின் சிற்றுருவாய் வெளிவருகின்றது.

இவ்வெளிமையே வேறோர் அச்சத்துக்கும் இடமாகின்றது. மின்னிலையத்தின் குளிர்ச்சிநீராற் சூடேறிய, ஜேர்மனியின் கில்பாக்கு ஓடையிலும், அவாய்த் தீவுகளிலும், வளர்ப்போர் கைவிட்ட இறால் குடியேறிப் பெருகியுள்ளது. இலங்கையின் ஓடைகளிலோ அதே குடும்பத்தைச் சேர்ந்த உள்நாட்டு இறால்கள் வாழ்கின்றன. 1962ஆம் ஆண்டில் அருட்பிரகாசம், கொஸ்தா என்னும் விலங்கியலாளர் இருவரும் அவற்றை ஆராய்ந்து கரிடினா பெர்னாண்டோயி முதலிய இனங்களை விவரித்தனர். கரிடினா சிங்கலென்சிசு என்பது இலங்கையன்றிப் பிறநாட்டில் இல்லாதது. வந்தேறி இறால் இவற்றின் மேய்ச்சலிற் பங்குகொள்ளவும் ஒட்டுண்ணிகளைக் கொணரவுங் கூடும். ஆதலின், தொட்டியில் மிகுந்தவற்றை வளர்ப்பார் பிறர்க்குக் கொடுக்கலாமேயன்றிக் குளத்திலோ ஓடையிலோ விடலாகாது. பிறந்த குஞ்சு ஓரிரு மில்லிமீற்றர் அளவினதாய்க் கண்ணுக்குத் தப்புமாதலின், மாற்றிய நீரையும் வாய்க்காலிற் கொட்டாது முற்றத்துப் பூமரத்தடியில் ஊற்றிவிடல் வேண்டும்.