நாய்க்குட்டி வாங்குமுன்

சால்ட் லேக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, உத்தியோகத்தின் நிமித்தம் இங்கு வந்தவை. சில ஆண்டுகள் சென்றதும் மாற்றல் ஆணை வரும். இத்தகைய இல்லத்தில் பிள்ளைகள் நாய் வேண்டுமென்று பிடிவாதம் செய்யும்பொழுது பெற்றோர் முன் ஒரு வினா எழுகின்றது. இனவிருத்தி செய்து விற்பவரிடம் விலை கொடுத்து வாங்குவதா? பிராணிகள் காப்பகத்திலிருந்து ஏற்றுக்கொள்வதா? நம்மைப் போன்றோர்க்குப் பின்னையதே பெரும்பாலும் பொருந்தும் என்பது என் கருத்து.

விலைக்கு வாங்க நினைக்கும் தமிழரின் உள்ளம் முதலில் இராஜபாளையத்தை நாடுவது இயல்பே. 2005இல் அஞ்சல்துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் அது வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பழகிய உயர்ந்த நாய். மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் அதனை அடைப்பது நேரன்று. மேலும், தூய வெண்ணிற நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவைப்படுவதே காரணம். செவிட்டுக் குட்டி மற்றக் குட்டிகள் எழும்பொழுது தானும் எழுந்துவிடுமாதலால் குறை எளிதில் புலப்படாது. அதனைத் தனியே உறங்கவிட்டு, பின்புறமிருந்து கைதட்டிப் பார்த்தல் வேண்டும்.

எவ்வினமாயினும் குட்டியோடு தாயையும் காட்டுமாறு கேட்க வேண்டும். தாயின் உடல்நிலையும் குணமும் குட்டியைப் பற்றிப் பெரிதும் உரைக்கும். ஞாயிறுதோறும் கூடும் காலிஃப் தெருச் சந்தையில் குட்டியைக் காணலாம். தாயைக் காண்பது அரிது. 2017ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, இனவிருத்தி செய்வோர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலும் கூடாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்பொழுதுதான், எவ்வளவு கடிக்கலாம் என்பதை ஒரு குட்டி கற்கின்றது. முன்னதாகப் பிரிக்கப்பட்டது, அப்பாடத்தை உங்கள் குழந்தையின் கையில் கற்கும்.

இனிக் காப்பகம். கொல்கத்தாவுக்கு இத்துறையில் பழம்பெருமை உண்டு. கோல்ஸ்வர்த்தி கிராண்ட் என்பவர் இந்தியாவின் முதல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை 1861இல் இங்கேதான் நிறுவினார். காப்பகத்தில் வளர்ந்த நாயை ஏற்பதில் ஒரு பேருதவி உளது: அதன் உருவும் குணமும் முன்னரே தெரிந்தவை. குட்டியோ ஒரு புதிர். குழந்தைகளைப் பொறுக்குமா? காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தனித்திருக்குமா? இவற்றிற்கு அன்றாடம் அதனைப் பேணுபவரே விடை கூற வல்லவர். வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் ஆயினவா என்பதையும் சான்றுடன் கேட்டறிக. பாடாவில் திரிந்த எல்லா நாயும் வீட்டிற்குப் பழகிவிடாது. பூட்டிய கதவைக் கண்டு நடுங்கும் நாயும் உண்டு. ஆகவே, இரண்டு மூன்று முறை சென்று, உடன் உலாவிப் பார்த்தல் நலம். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்: இவ்வூர் நாய் 'ஆய்' என்றால்தான் வரும். கையசைத்து 'வா' என்று சில நாள் அழைத்தால், அகராதியின்றியே தமிழ் கற்றுவிடும்.

மாற்றல் ஆணை வரும் நாளில்தான் இவ்வினாவின் கடுமை விளங்கும். வீடு காலியானபின் மாடிப்படியிலேயே காத்திருக்கும் நாய்க்குத் தெருவில் உணவு தேடத் தெரியாது. எனவே, அழைத்துச் செல்ல இயலாவிடின் காப்பகம் திரும்ப ஏற்குமா என்பதை முதலிலேயே எழுத்தில் பெறுக. விற்றவரிடமும் இதனைக் கேட்கலாம், பெரும்பாலோர் இசையார்.

அழைத்துச் செல்வதாயின், இரயிலில் முதல் வகுப்பு அறை முழுவதையும் நாமே அமர்த்திக்கொண்டால் நாய் நம்முடன் வரலாம். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டியில்தான் செல்ல வேண்டும். ஹௌராவிலிருந்து சென்னை ஒரு பகல் ஓரிரவுக்கு மேற்பட்ட பயணம். விசாகப்பட்டினத்தில் வண்டி நிற்கும்பொழுது இறங்கி ஓடித் தண்ணீர் வைப்பவர் யார் என்பதை, நாய் வாங்குமுன்னரே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்க.