ஸ்லாட் கார்: ஜெயிக்கறது காசா, கையா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "உடுமலையில உட்கார்ந்துட்டு மோட்டார் ஸ்போர்ட் பத்திப் பேசறீங்களே, அங்க ஏதுங்க ரேஸ் ட்ராக்?"

நியாயமான கேள்வி. ஊருக்குள்ள ட்ராக் இல்லை. பக்கத்துல இருக்கறதுன்னா கோவை செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே. ரேஸ் பார்க்கப் போகலாம், ஓட்டணும்னா கதை வேற. வண்டி, டயர், ஹெல்மெட், லைசென்ஸ், மெக்கானிக்னு செலவுப் பட்டியல் நீண்டுட்டே போகும்.

ஆனா எங்க கூட்டத்துக்கு ஒரு ட்ராக் இருக்கு. ஒரு வீட்டு மாடியில, பிளைவுட் பலகை மேல, நாலு லேன். அதுல ஓடற கார் ஒரு சாண் நீளம்கூட இல்லை. இன்னைக்கு அந்த ஸ்லாட் கார் பத்தித்தான் பேசப்போறோம். அது எப்படி ஓடுது, எப்படி டியூன் பண்றது, அதுலயும் காசு இருக்கறவங்கதான் ஜெயிப்பாங்களா?

ஸ்டீயரிங் இல்லாத ரேஸ்

ட்ராக்ல ஒவ்வொரு லேனுக்கும் நடுவுல ஒரு காடி ஓடும். அதுதான் ஸ்லாட். காடியோட ரெண்டு பக்கமும் உலோகத் தண்டவாளம், அதுல கரண்ட். காரோட மூக்குக்கு அடியில 'கைடு'ன்னு ஒரு சின்னத் தகடு காடிக்குள்ள இறங்கி நிற்கும். கைடோட ரெண்டு பக்கமும் பின்னல் மாதிரி செம்புக் கம்பி, அதுக்குப் பேர் பிரெய்ட். தண்டவாளத்தை உரசிட்டே போய் கரண்டை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும்.

உங்க கையில இருக்கற கன்ட்ரோலர்ல ஒரே ஒரு டிரிகர். அழுத்தினா வோல்டேஜ் ஏறும், கார் வேகமெடுக்கும். விட்டா? பிரேக் வசதி இருக்கற கன்ட்ரோலர், டிரிகரை விட்டவுடனே ரெண்டு தண்டவாளத்தையும் ஒண்ணா இணைச்சிடும். அப்ப சுத்திட்டிருக்கற மோட்டார் ஜெனரேட்டரா மாறிடும். தானே உண்டாக்கற கரண்ட்டே அதை இழுத்துப் பிடிக்கும். நம்ம ஊர்க் காத்தாடியில இறக்கை சுத்தினா கரண்ட் வருதில்ல, அதே தத்துவம்தான் இங்க பிரேக்.

இந்த விளையாட்டைப் பெரிய அளவுல பிரபலமாக்கினது இங்கிலாந்தோட ஸ்கேலெக்ஸ்ட்ரிக். ஃப்ரெட் ஃபிரான்சிஸ் 1957-ல அதை அறிமுகப்படுத்தினார். வீட்டு ட்ராக்ல பரவலா இருக்கற அளவு 1:32, அதாவது நிஜக் காருல 32-ல ஒரு பங்கு.

ஆறு விநாடி வளைவு, ஒரு விநாடியில

"ஸ்டீயரிங்கே இல்லை, ஒரு விரல்தான் வேலை. இதுல என்னங்க திறமை?" எல்லாரும் முதல்ல கேட்கறது இதைத்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

32 மீட்டர் ஆரம் இருக்கற யூ-டர்ன்ல ஒரு நிஜக் கார், டயர் பிடிமானத்தோட எல்லையில, சுமார் 64 கிலோமீட்டர் வேகத்துல போறதா வச்சுக்குவோம். அந்த வளைவைக் கடக்கக் கிட்டத்தட்ட 6 விநாடி ஆகும். இப்ப எல்லாத்தையும் 32-ல ஒரு பங்கா சுருக்குங்க. ஆரம் 1 மீட்டர். டயர் பிடிமானம் அதே மாதிரி இருந்தா, சின்னக் கார் 11 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும். வளைவைக் கடக்க ஆகற நேரம் 1 விநாடி.

காரைச் சின்னதாக்கலாம். புவியீர்ப்பைச் சின்னதாக்க முடியாது. நிஜ டிரைவர் 6 விநாடியில எடுக்கற முடிவையெல்லாம் நீங்க 1 விநாடியில எடுக்கணும். எங்க மாடி ட்ராக்ல வளைவு இன்னும் இறுக்கம், நேரம் இன்னும் கம்மி. மூக்கைக் காடி பிடிச்சுக்கும், ஆனா வாலை யாரும் பிடிக்க மாட்டாங்க. வால் ரொம்ப வெளிய போனா கைடு காடியை விட்டு எகிறிடும். கார் தரையில கிடக்கும்.

டியூனிங்: மோட்டாருக்குக் கடைசி இடம்

புதுசா வர்றவங்க முதல்ல கேட்கறது, "பெரிய மோட்டார் போடலாமா?" நான் சொல்ற வரிசையில மோட்டார் கடைசிங்க.

முதல்ல பிரெய்ட். கறுத்துப் போயிருந்தா துடைக்கணும், நுனியைக் கொஞ்சம் விரிச்சு விடணும். ஆனா ரொம்பக் கீழ வளைச்சா மூக்கையே தூக்கிடும். கரண்ட் விட்டு விட்டு வந்தா எவ்வளவு நல்ல மோட்டாரும் திக்கித் திக்கித்தான் ஓடும்.

ரெண்டாவது டயர். ரப்பர் டயர் பார்க்க வட்டமா இருக்கும், ஆனா முழு வட்டமா இருக்காது. நைஸ் உப்புத்தாளைச் சமதளமா ஒட்டி, பின் சக்கரம் அது மேல லேசா உரசற மாதிரி காரைக் கையில பிடிச்சு, குறைஞ்ச வோல்டேஜ்ல சுத்த விடணும். மேடு தேய்ஞ்சு, டயர் முழு அகலத்துக்கும் ட்ராக்கைத் தொடும். லேப் டைம்ல பெரிய வித்தியாசம் பெரும்பாலும் இங்கதான் கிடைக்கும். செலவு ஒரு உப்புத்தாள்.

மூணாவது சுத்தம். இது நம்ம பகுதிக்கே உரிய பிரச்சினை. மில்லும் பனியன் கம்பெனியும் இருக்கற ஊருல பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை, ஆடிக் காத்துல மண்ணும் சேர்ந்துக்கும். பஞ்சு இழை பின் அச்சுல சுத்திக்கும், கியர் பல்லுக்குள்ள போய் உட்காரும். ரேஸுக்கு முன்னாடி டயரை ஒட்டுற டேப்ல உருட்டி எடுங்க, அச்சுல சுத்தின நூலை ஊசியால எடுங்க. அச்சு சுத்தற புஷ்ல ஒரு பொட்டு எண்ணெய் போதும். அது டயர்ல பட்டா போச்சு.

நாலாவது பாடி ஸ்க்ரூ. முழுசா முறுக்காம அரைச் சுத்து தளர்த்தி விட்டா, பாடி சேஸிஸ் மேல லேசா ஆடும். வளைவுல வர்ற அதிர்ச்சி நேரா டயருக்குப் போகாது.

அஞ்சாவது கியர். மோட்டார்ல 9 பல்லு, அச்சுல 27 பல்லுன்னா 3-க்கு 1. அச்சுல பல்லு கூடினா வளைவிலிருந்து சட்டுனு எகிறும், பிரேக்கும் நல்லா பிடிக்கும், ஆனா நேர் ரோட்டுல உச்ச வேகம் குறையும். ஸ்பின்னிங் மில்லுல சேஞ்ச் வீலை மாத்தினா நூலோட முறுக்கு மாறுதில்ல? அந்த வேலை பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆறாவது காந்தம். நிறையக் கார்ல சேஸிஸ் அடியில ஒரு காந்தம் வரும். அது தண்டவாளத்தோட இரும்பைப் பிடிச்சுக் காரைக் கீழ அழுத்தும், வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும். நாங்க அதைக் கழட்டிட்டோம். லேப் டைம் மெதுவாகும், ஆனா வால் ஆடறது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து டிரிகரைக் கட்டுப்படுத்தறதுதான் ஓட்டறது.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் மோட்டார். அப்பவும் பாதிப் பேருக்குத் தேவைப்படாது.

விழாம ஓட்டறவங்களோட கணக்கு

லேன் எல்லாம் சமம் கிடையாது. உள் லேன் வளைவு இறுக்கம், வெளி லேன் தூரம் அதிகம். அதனால ஒவ்வொருத்தரும் நாலு லேன்லயும் ஓட்டியாகணும். லேனுக்கு 3 நிமிஷம், மொத்தம் 12 நிமிஷம். யார் அதிக லேப் போட்டாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஓட்டாதவங்க வளைவுல மார்ஷலா நிற்பாங்க, விழுந்த காரை எடுத்துக் காடியில வைப்பாங்க. உங்க எதிரியோட காரையும் நீங்கதான் எடுத்து வைக்கணும், அதே வேகத்துல. இந்த நாணயம் இல்லைன்னா ரேஸே இல்லை.

ஒரு லேப் 8 விநாடின்னா 3 நிமிஷத்துல சுமார் 22 லேப். உங்க கார் என் காரை விட லேப்புக்கு 0.2 விநாடி வேகம்னு வச்சுக்கோங்க. 3 நிமிஷத்துல உங்களுக்குக் கிடைக்கற லாபம் 4.4 விநாடி. நீங்க ஒரே ஒரு தடவை விழுந்து, மார்ஷல் எடுத்து வைக்க 5 விநாடி ஆச்சுன்னா? அத்தனை லாபமும் காலி, அதுக்கு மேல நஷ்டம். அதனாலதான் மெதுவான காரோட நிதானமான கை அடிக்கடி ஜெயிக்குது.

அப்ப காசு?

காசு ஜெயிக்க முடியாதான்னா, முடியும். 1960-கள்ல அமெரிக்காவுல ஸ்லாட் கார் பெரிய மோகம். காசு கொடுத்து ஓட்டற மையங்கள் ஊர் ஊரா முளைச்சது. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள பெரும்பாலானது மூடிடுச்சு. அதுக்குப் பல காரணம் சொல்வாங்க. அதுல ஒண்ணு, காரோட வேகமும் விலையும் ஏறிட்டே போனது. வாடகைக் காரோட வந்த பையன் முதல் நாளே ஓரங்கட்டப்பட்டான். அவன் ஏன் திரும்பி வரப்போறான்?

இதுக்கு நல்ல பதில் நம்ம கொங்கு மண்ணுலயே இருக்கு. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கோவைக்காரர் எஸ். கரிவரதன். ரேஸ் ஓட்டறது வசதியானவங்களோட பொழுதுபோக்கா இருந்த காலத்துல, 1980-களின் கடைசியில ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். ஒற்றை இருக்கை ரேஸ் கார், ஆனா எஞ்சின் தெருவுல ஓடற மாருதி 800-ஓடது. எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே வண்டி, அப்ப வித்தியாசம் ஓட்டறவங்ககிட்ட. 2005-ல ஜோர்டான் அணியில ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினது இந்த ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995-ல மறைஞ்சார். செட்டிபாளையத்துல 2003-ல வந்த ட்ராக்குக்கு அவர் பேர்தான்.

ஸ்லாட் கார் கிளப்புகளும் இதே வழியைத்தான் பிடிச்சிருக்கு. சில போட்டிகள்ல மோட்டாரை அமைப்பாளர்களே குலுக்கல்ல கொடுப்பாங்க, முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்குவாங்க. டயரும் ஒரே வகை. எங்க கூட்டத்துல விதி ஒரு பக்கம்தான்: ஒரே வகை மோட்டார், ஒரே டயர், காந்தம் கிடையாது. உப்புத்தாளும் பொறுமையும் எவ்வளவு வேணும்னாலும் போடலாம்.

ஆரம்பிக்கணும்னா

ட்ராக் செட் நம்ம பக்கத்துக் கடைகள்ல சாதாரணமா கிடைக்காது. வெளியிலிருந்து வரவழைக்கணும், சுங்க வரியும் சேரும். அதனால ஆளுக்கு ஒரு செட் வாங்காதீங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு ட்ராக், ஆளுக்கு ஒரு கார். கார் வாங்கறதுக்கு முன்னாடியே விதியை எழுதிடுங்க. வாங்கின பிறகு எழுதினா, யார் எதை வாங்கினாங்களோ அதுக்கு ஏத்த மாதிரிதான் விதி வரும்.

சேர ஆளே இல்லையா? 'ப்ராக்ஸி ரேஸ்'னு ஒரு முறை இருக்கு. காரை நீங்க டியூன் பண்ணி வேற ஊருக்கு அனுப்பறீங்க, அங்க இருக்கறவங்க எல்லாக் காரையும் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்றாங்க. அங்க ஜெயிக்கறது உங்க ஸ்க்ரூடிரைவர்.

அடுத்த எபிசோடுல, கன்ட்ரோலரைக் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம். அதுவரைக்கும் உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. வரட்டுங்களா.