ரயருக்கும் வயதுண்டு

2023 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஓரிரவு, பக்கங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பும் வழியில், வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு சுற்றுவட்டத்தில் நாம் மோட்டார் சைக்கிளோடு சரிந்து விழுந்தோம். வேகம் அதிகமில்லை; மணிக்கு இருபது மைலைத் தாண்டியிருக்காது. எதிரே எவரும் வரவில்லை. மழை ஓய்ந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. வளைவில் வண்டியைச் சரித்த மறுகணம் முன்சக்கரம் எம் சொல் கேளாமல் தன்போக்கில் வழுகிப் போயிற்று. இடக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரங்கள் மாவுக்கட்டுடன், ஒற்றைக் கையால் தட்டச்சுச் செய்து காலந்தள்ளினோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ரயர் தேய்ஞ்சிருக்கும்." தேயவில்லை என்பதுதான் எம்மைக் குழப்பியது. அந்த வண்டியை முந்திய ஆண்டு பழையதாக வாங்கியபோது நாம் முதலில் பார்த்ததே ரயரைத்தான். தவாளிப்புகள் ஆழமாக, புதிது போலவே இருந்தன. விபத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் வண்டி வருடாந்த எம்.ஓ.ரி. சோதனையிலும் தேறியிருந்தது.

விடையைச் சொன்னவர், வண்டியைத் திருத்தக் கொடுத்த கராஜில் வேலை செய்யும் எம்மூர்க்காரர் ஒருவர். முன் ரயரின் பக்கச்சுவரைத் துணியால் துடைத்து, நீள்வட்டத்துள் பொறிக்கப்பட்டிருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1411. 2011 ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் வார்க்கப்பட்ட ரயர். எம்மை விழுத்தியபோது அதற்குப் பன்னிரண்டு வயது கடந்திருந்தது. பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் கிடந்த புதிய ரயரில் நகம் இலேசாகப் பதிந்தது. எமது ரயரில் பதிய மறுத்தது. "சேர், மாடு வாங்கேக்க வாயைத் திறந்து பல்லைப் பாக்கிறம். இதுக்கு ஏன் பாக்கேல்லை?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய எமக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

ரயரைப் பற்றி எம்மவர்களிடம் உள்ள அறிவு பெரும்பாலும் ஊரில் பெற்றது. 1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஓடிய விதத்தை எமது வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், அதன்பின் மண்ணெண்ணெய். எமது தந்தையாரிடம் ஒரு எம்டி 90 இருந்தது. அதன் பின் ரயர் நூல் தெரியும்வரை ஓடிற்று. நூல் தெரிந்த பின்னர், வெடித்த இடத்துக்கு உட்புறமாகப் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து மேலும் சில மாதங்கள் ஓடிற்று. அதை எவரும் கவனக்குறைவு என்று சொல்லவில்லை. சிக்கனம் என்றார்கள், கெட்டித்தனம் என்றார்கள். அந்தச் சூழலுக்கு அது பொருந்தவும் செய்தது. மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு போகும் வண்டிக்கு வேகம் கிடையாது. மாரி மாதங்கள் தவிர்ந்த ஏனைய காலத்தில் வீதி காய்ந்தே கிடக்கும். காய்ந்த வீதியில் மொட்டை ரயர் நன்றாகவே பிடிக்கும் என்பது பௌதிக உண்மையுங்கூட. உலர்ந்த ஓடுபாதைப் பந்தயங்களில் தவாளிப்பே இல்லாத ரயர்களைத்தானே பூட்டுகிறார்கள்!

அப்படியானால் தவாளிப்பு எதற்கு? தண்ணீருக்கு. மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு சக்கரமும் வீதியைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவானதே. அந்த உள்ளங்கைக்கும் வீதிக்கும் இடையில் தண்ணீர்ப்படலம் புகுந்தால் பிடி போய்விடும். தவாளிப்புகள் அந்நீரை வாங்கி வெளியே தள்ளும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் வெள்ளம் நிற்பது போலத்தான் இதுவும். ஆண்டு முழுவதும் வேளை தெரியாமல் மழை தூறும் இந்த நாட்டில், மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் ஓடும் வண்டிக்கு, ஊரில் எம்மைக் காப்பாற்றிய சிக்கனம் காவலாகாது.

பிரித்தானியச் சட்டம் குறைந்தபட்ச எல்லை ஒன்றை வகுத்திருக்கிறது. காருக்கு 1.6 மில்லிமீற்றர். 50 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 1 மில்லிமீற்றர். மேற்பரப்பு அகலத்தின் முக்கால் பங்கிற்காவது, சக்கரத்தைச் சுற்றித் தொடர்ச்சியாக இந்த ஆழம் இருக்கவேண்டும். எஞ்சிய பகுதியிலும் தவாளிப்பின் அடி கண்ணுக்குத் தெரியவேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத சிறு வண்டிகளுக்கு அளவு கூறப்படவில்லை. முதலில் இருந்த தவாளிப்புகள் யாவும் தெளிவாகத் தெரிந்தாற் போதும். ஜேர்மனியில் வாழும் வாசகர்கள் இதை நம்பி இருந்துவிடக் கூடாது. அங்கே மோட்டார் சைக்கிளுக்கும் 1.6 மில்லிமீற்றரே எல்லை. சிறு ரக வண்டிகளுக்கு மட்டுமே 1 மில்லிமீற்றர்.

சட்டத்தின் எல்லை என்பது தண்டனை தொடங்கும் இடம். ஆபத்து அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. 2 மில்லிமீற்றருக்கு வந்ததும் புதிய ரயருக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குவது எமது வழக்கம். மாரிகாலம் நெருங்குமாயின் அப்போதே மாற்றிவிடுவோம்.

ஆழத்தை அளக்கச் சில பவுண் விலையில் ஓர் ஆழமானி கிடைக்கும். காருக்கு 20 பென்ஸ் நாணயத்தை வைத்துப் பார்ப்பதைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அந்நாணயத்தின் விளிம்புப் பட்டை தவாளிப்பினுள் மறைந்தால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் இருக்கிறது என்பது கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கு இது முன்னெச்சரிக்கை மட்டுமே. பட்டை வெளியே தெரியத் தொடங்கிவிட்டால் ஆழமானியைக் கையில் எடுக்கவேண்டும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, நடுவிலும் இரு பக்கங்களிலுமாகப் பல இடங்களில் அளக்கவேண்டும். ஓரிடத்தில் அளந்துவிட்டுத் திருப்திப்படுவதே பலரும் விடும் பிழை. சுற்றும்போதே ஆணி, கண்ணாடித் துண்டு, வெட்டு, வீக்கம், வெடிப்பு ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். பக்கச்சுவரில் வீக்கம் தெரிந்தால் ஆழத்தை அளக்கத் தேவையே இல்லை. அந்த ரயரின் கதை முடிந்துவிட்டது.

ரயரின் தோளோரத்தில் ரி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ ஒரு சிறிய முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே தவாளிப்பின் அடியில் சிறு மேடொன்று வார்க்கப்பட்டிருக்கும். ரயர் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மாற்றவேண்டும் என்பது அதன் பொருள். இங்கே ஒரு பொறி உண்டு. பல மோட்டார் சைக்கிள் ரயர்களில் இந்த மேட்டின் உயரம் 0.8 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே மேடு தொடும்வரை காத்திருப்பவர், தன்னை அறியாமலே சட்டத்தின் 1 மில்லிமீற்றர் எல்லையைத் தாண்டியிருப்பார்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு செய்தியே. பின் ரயர் பொதுவாக நடுவில் தேயும். இயந்திரத்தின் இழுவையும் பாரத்தின் பெரும்பகுதியும் அதன்மேல். நெடுஞ்சாலையில் நேரே ஓடி ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிட்டால், வட்டமாக இருந்த ரயர் சதுரமாகிறது. அப்படியான ரயருடன் வளைவில் சரியும்போது வண்டி ஓர் விளிம்பின் மேல் ஏறி விழுவது போன்ற உணர்வு தோன்றும். தோள்களில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறதே என்று நினைப்பவர் அந்த உணர்வைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். காற்று குறைந்து ஓடினால் ஓரங்கள் தேயும், ரயர் சூடேறும். கூடினால் நடுப்பகுதி விரைந்து தேயும். வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் வேளையில், கையேட்டில் சொல்லப்பட்ட அளவுக்குக் காற்றைச் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இனி வயதுக்கு வருவோம். 1839 இல் சாள்ஸ் குட்இயர் கண்டறிந்தபடி, இறப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே பாலங்கள் உருவாகி அது உறுதி பெறுகிறது. (அந்த இறப்பர் மரம் எம் தீவுக்கு வந்ததும் லண்டன் வழியாகத்தான்: 1876 இல் பிரேசிலிலிருந்து வந்த விதைகள் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக ஹெனரத்கொடைக்குக் கப்பலேறின.) இந்த மாற்றம் தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. ஒட்சிசனும் வெப்பமும் வெயிலும் ஆண்டுக்கணக்காக இறப்பரை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே இருக்கின்றன. ஓசோன் மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. இதைத் தடுக்க இறப்பரில் கலந்திருக்கும் மெழுகு, ரயர் ஓடி நெளியும்போதுதான் நன்றாக வெளியே கசிந்து மேற்பரப்பைக் காக்கும். எனவே கொட்டகையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியின் ரயர், ஓடிய ரயரைவிடப் புதிதாகத் தோன்றும். உள்ளே அது முதுமையடைந்திருக்கும். எமது வண்டி அப்படி நின்ற வண்டி என்பதைப் பின்னரே அறிந்தோம். விற்றவர் அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

வயதைக் காட்டும் இலக்கங்கள் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் இறுதியில் இருக்கும். முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000 ஆம் ஆண்டுக்கு முந்தியது. அந்த ரயரில் ஏறவே வேண்டாம். ஐந்து ஆண்டுகள் கடந்த ரயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டவேண்டும் என்றும், பத்து ஆண்டுகள் ஆனால் தேயாவிட்டாலும் மாற்றவேண்டும் என்றும் உற்பத்தியாளர்கள் பலர் கூறுகின்றனர்.

இந்தப் பத்து ஆண்டுக் கணக்கு பிரித்தானியச் சட்டத்தில் இடம்பெற மூன்று உயிர்கள் போகவேண்டியிருந்தது. 2012 செப்டெம்பரில், இசைவிழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பேருந்து ஒன்று சரே மாவட்டத்தில் முன் ரயர் வெடித்து மரத்தில் மோதிற்று. அந்த ரயரின் வயது பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல். பேருந்தைவிட ரயர் மூத்தது. மகனை இழந்த தாயொருவர் பல ஆண்டுகள் போராடினார். 2021 பெப்ரவரி முதலாம் திகதி முதல், லொறிகளினதும் பேருந்துகளினதும் முன் அச்சுகளில் பத்து ஆண்டுகளைக் கடந்த ரயர்களைப் பூட்டுவது தடைசெய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள்களை அந்தத் தடை தொடவில்லை. நாம் எம்.ஓ.ரி. சோதனையில் தேறியதன் இரகசியம் இதுவே.

இந்தக் கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது எமது மணிக்கட்டு அல்ல. உணவுப் பொதிகளை வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுக்கும் எம் இளைஞர்களை இரவுகளில் காண்கிறோம். நனைந்த வீதியில், பலரிடம் கைமாறிய சிறு ஸ்கூட்டர்களில், நாளொன்றுக்கு எட்டு, பத்து மணி நேரம் ஓடுகிறார்கள். ரயர் மாற்றும் பணம் அவர்களுக்குச் சில நாள் உழைப்பு என்பதை நாம் அறிவோம். ஆயினும் மற்றக் கணக்கையும் சொல்லவேண்டும். சட்டத்துக்குப் புறம்பான ரயர் ஒன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டம். அத்துடன் சாரதி அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளிகள். இரண்டு ரயரும் தேய்ந்திருந்தால் ஆறு புள்ளிகள். முதன்முதலாக முழு அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் நிறையாத ஒருவருக்கு ஆறு புள்ளிகள் சேர்ந்தால் அந்தப் பத்திரமே இரத்தாகும்; மீண்டும் தொடக்கத்திலிருந்து பரீட்சை எழுதவேண்டும். ஒரே இரவில், ஒரே வீதியோரச் சோதனையில் இது நடக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் ரயரைச் சுட்டிக்காட்டிப் பின்வாங்கப் பார்க்கும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சிலவே. பக்கச்சுவரில் உள்ள அளவும் பார, வேகக் குறியீடுகளும் வண்டியின் கையேட்டோடு பொருந்தவேண்டும். சுழற்சி அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்று பூட்டியபின் நீங்களே பாருங்கள். ரியூப் உள்ள சக்கரமாயின் ரியூப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய ரயரின் முகம் வழுவழுப்பானது. முதல் நூறு மைல் வரை வளைவுகளில் அடக்கமாக ஓடவேண்டும். புதிய ரயர்தானே என்று கடை வாசலிலேயே சரித்து விழுந்தவர்கள் உண்டு. கழற்றிய பழைய ரயரை மலிவாக வாங்குவது பற்றிக் கேட்கிறார்கள். காருக்கு என்னவாயினும், இரண்டே சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு அதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

கடந்த வாரம், எமது தெருவில் வசிக்கும் இளைஞர் ஒருவரின் ஸ்கூட்டர் ரயரைக் குனிந்து பார்த்தோம். பின்புறம் நடுவில் தவாளிப்பே இல்லை. முன்புறத்தில் ஆழம் இருந்தது, இலக்கம் 3812. "சேர், இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்றார். எமது கை வளைந்திருப்பதைக் காட்டினோம். மறுநாள் பின் ரயரை மாற்றிவிட்டு வந்து, முன் ரயருக்கு அடுத்த சம்பளம் வரட்டும் என்றார். அந்தப் பணத்தை நாம் கடனாகக் கொடுத்தோம். சனிக்கிழமை அதுவும் மாற்றப்பட்டது.