கூரையில் விளையும் மின்சாரம்

அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் அறிஞர் மூவர், கதிரொளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலத்தை 1954ஆம் ஆண்டில் செய்து காட்டினர். அக்கலத்தின் வழிவந்த தகடுகள் இன்று நம் நாட்டில் பற்பல வீட்டுக் கூரைகளில் விளங்குகின்றன. கூரையில் பிறக்கும் மின்சாரம் வீட்டின் மின்பலகையோடு எவ்வாறு இணைகின்றது என்பதை அறிதல் நலம்.

தகடுகளில் தோன்றுவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். தெருக்கம்பி வழியே வீட்டிற்கு வருவதோ நொடிக்கு 50 முறை அலைவுறும் மாறுதிசை மின்னோட்டம். அதன் அழுத்தம் 230 வோல்ட்டு. இயல்பில் வேறுபட்ட இவ்விரண்டையும் நேரே இணைத்தல் இயலாது. இன்வெர்ட்டர் என்னும் கருவி முன்னதைப் பின்னதாக மாற்றித் தருகின்றது. ஒரு நுகத்தில் பூட்டிய எருதுகள் இரண்டும் ஒத்து நடந்தாலன்றி வண்டி செவ்வனே செல்லாது. அதுபோல, இன்வெர்ட்டர் தரும் மின்னோட்டம் தெருக்கம்பியின் மின்னோட்டத்தோடு அழுத்தத்தாலும் அலைவாலும் ஒத்திருத்தல் வேண்டும்.

இன்வெர்ட்டரிலிருந்து வரும் கம்பி, மின்பலகையில் தனக்கெனத் தனியே அமைந்த பிரேக்கர் வழியாக இணைக்கப்படும். மின்னோட்டம் அளவிறந்து பாயுமானால் பிரேக்கர் தானே இணைப்பைத் துண்டிக்கும். விளக்கும் விசிறியும் கொண்டது போக எஞ்சிய மின்சாரம் தெருக்கம்பிக்குச் செல்லும். வந்ததையும் சென்றதையும் இருவழி மின்னளவி தனித்தனியே கணக்கிடும்.

இங்கே ஓர் இடர் உண்டு. பழுது நீக்கும்பொருட்டு, பணியாளர் ஒருவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறுகின்றார் எனக் கொள்வோம். அந்நேரத்தில் கூரை மின்சாரம் தெருக்கம்பியில் பாயுமாயின் அவர் உயிர்க்கே கேடு விளையும். தெருவிலுள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டைத் தாழ்த்தி வீடுகளுக்குத் தருவது. வீட்டிலிருந்து மின்சாரம் எதிர்முகமாகச் செல்லின், அதே மின்மாற்றி அதன் அழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்திவிடும்.

ஆதலால், தெருவில் மின்சாரம் நின்றதும் 2 நொடிக்குள் இன்வெர்ட்டரும் தன் மின்னோட்டத்தை நிறுத்துமாறு அமைக்கப்படுகின்றது. உச்சிவெயில் காயும்போதும், மின்தடை நேரின் அவ்வீட்டு விசிறி நின்றுவிடுவது இதனாலேயே ஆகும். தடைக்காலத்திலும் மின்சாரம் வேண்டுவோர், பாட்டரியோடு, வீட்டைத் தெருக்கம்பியினின்றும் முற்றிலும் பிரிக்கும் சுவிட்சையும் அமைத்தல் வேண்டும். மின்வழங்கும் நிறுவனத்தின் இசைவு பெற்று, உரிமம் உடைய மின்வினைஞரைக் கொண்டே இவ்வேலையை முடித்தல் வேண்டும்.

விசிறி சற்று நேரம் நிற்பின் வீட்டார்க்கு வியர்வை; நிற்க வேண்டிய மின்சாரம் நில்லாது பாயின் கம்பத்தின் மேலிருப்பவர்க்கு உயிரிழப்பு. தன் வீட்டிற்கு ஒளி தேடுவோர், பிறர் உயிர்க்கு ஊறு நேராவண்ணம் காத்தல் கடமையாகும்.