குறையே குணமான கருவி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் கோயில் திருவிழாக்களின்போது மெல்லிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். மேடையில் ஒருவர், எட்டு ரப்பர் பரப்புகள் கொண்ட ஒரு பெட்டியைக் குச்சிகளால் தட்டுவார். ஒன்றைத் தட்டினால் தபேலா ஒலிக்கும். அடுத்ததைத் தட்டினால் டிரம் அதிரும். ‘ரிதம் பேட்’ எனப்படும் அந்தப் பெட்டிக்குள் தபேலாவும் இல்லை, டிரம்மும் இல்லை. அவற்றின் ஒலிகள் எண்களாக இருக்கின்றன! தொழிற்சாலையில் நிரப்பிய ஒலிகளோடு நில்லாமல், நாம் விரும்பும் ஒலியையே பதிவு செய்து வாசிக்க உதவும் கருவிக்குச் ‘சாம்ப்ளர்’ என்று பெயர்.

ஒலி எப்படி எண்ணாகிறது? பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி. நீர்மட்டத்தை மணிக்கு ஒருமுறை அளந்து குறித்தால், மழைக்காலத்தில் அது ஏறி இறங்கிய விதத்தை வரைபடமாக வரைந்துவிடலாம். நாளுக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், இடையில் நடந்தது தெரியாது. அளவுகோலில் அங்குலக் கோடுகள் இல்லாவிட்டால், சிறிய மாற்றங்கள் தெரியாது. சாம்ப்ளரும் ஒலியலையை இவ்வாறே அளக்கிறது. ஆனால் நொடிக்குப் பல்லாயிரம் முறை!

குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவுகள். அளவுகோலில் 65,536 படிகள். அமெரிக்காவின் ஈ-மியூ நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘எஸ்பி-1200’ என்ற சாம்ப்ளரிலோ 26,040 அளவுகள்; 4,096 படிகளே. ஓர் அதிர்வைப் பிடிக்க இரண்டுக்கு மேற்பட்ட அளவுகள் தேவை. ஆகவே, சுமார் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் பதிவாகா. நம் காதோ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. நினைவகமும் சிறியது. மொத்தம் 10 நொடிகள். ஓர் ஒலிக்கு அதிகபட்சம் 2.5 நொடிகள்.

நியூயார்க் ஹிப்-ஹாப் இசைஞர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு கருவியில் வேகத்தைக் குறைத்தார்கள். 45ஐ 33⅓ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.35. அதாவது, 10 நொடி இடத்தில் 13.5 நொடி இசை! ஆனால் வேகத்தைக் குறைக்கும்போது, கருவி சில எண்களை இரண்டு முறை படிக்கும். வழவழப்பான அலை படிக்கட்டுப்போல் ஆகும். மூலத்தில் இல்லாத ஒரு கரகரப்பு வந்து சேரும்.

பொறியாளருக்கு இது குறை. இசைஞருக்கோ இது புதிய நாதம். நம் தம்பூராவிலும் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி ரீங்காரத்தை வரவழைக்கிறோம் அல்லவா? அந்த நூலுக்கு ‘ஜீவா’ என்றே பெயர். இன்று ஒரு கைப்பேசி மணிக்கணக்கில் தெளிவாகப் பதிவு செய்யும். ஆயினும் பழைய கருவியைத் தேடுவோர் குறையவில்லை. எஸ்பி-1200ஐ வடிவமைத்த டேவ் ராஸம், 2021இல் அதை மீண்டும் தயாரித்து வெளியிட்டார்!

கருவியின் கட்டுப்பாட்டிலும் ஒரு நன்மை உண்டு. நீங்களே சோதித்துப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளர், மேசை, குடம், கைதட்டல் ஆகிய நான்கு ஒலிகளைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் 2.5 நொடிகள்தான். அவற்றை மட்டும் வைத்து ஒரு தாளம் அமையுங்கள். 10 நொடி போதாது என்றுதான் முதலில் தோன்றும். எந்த ஒலியை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று உங்கள் காது அப்போது தேடத் தொடங்கும். அந்தத் தேடலுக்காகவே பலர் இன்றும் பழைய சாம்ப்ளரை விரும்புகிறார்கள்.