மிளகு விற்ற நகரம் இன்று எதை விற்கின்றது?
வெனிஸ் நகரில் இரண்டு மணித்தியால நடை

இத்தாலியில் தொழில் புரியும் இலங்கையர் தொகை கணிசமானது. அவர்களைப் பார்க்கச் செல்வோரும், வியாபார நிமித்தம் மிலான் செல்வோரும் ஒரு நாளை ஒதுக்கி ரயிலேறி வெனிஸுக்குச் சென்று வருவதுண்டு. மிலானிலிருந்து சுமார் இரண்டரை மணித்தியாலப் பயணம். போனோம், படகைப் பார்த்தோம், படம் எடுத்தோம், திரும்பினோம் என்பதோடு பெரும்பாலானோரின் வெனிஸ் முடிந்துவிடுகின்றது. ஆனால், ஒரு வழிகாட்டியுடன் இரண்டு மணித்தியாலம் கால்நடையாகச் சுற்றினால், எமது வியாபார சமூகத்திற்கு மிக நெருக்கமான ஒரு வரலாறு அந்த ஒடுங்கிய சந்துகளில் கிடப்பதைக் காணலாம்.

வெனிஸில் நடப்பதைத் தவிர வேறு வழியும் குறைவு. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. கார், பஸ் எல்லாம் நகரின் வாசலோடு சரி. உள்ளே ஒன்றில் படகு, இல்லாவிட்டால் கால்.

வழிகாட்டித் தொழில் அங்கு பொழுதுபோக்கான வேலை அல்ல. பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரம் பெற்றவரே இத்தாலியில் உல்லாசப் பிரயாணிகளுக்கு வழிகாட்ட முடியும். 2023 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் இதற்கென நாடு தழுவிய பரீட்சையையும் பதிவேட்டையும் ஏற்படுத்தியது. இன்னார் இன்ன சாம்ராஜ்யத்தை ஆண்டார் என்று ஒப்புவிப்பவரை விட, ஒரு கட்டடத்தைக் காட்டி "இங்கே யார் யாருக்கு என்ன விற்றார்கள்" என்று சொல்லக்கூடியவரே நல்ல வழிகாட்டி. அப்படியொரு நடையைத்தான் இங்கு பார்க்கப் போகின்றோம்.

சுங்கத்தை ஏமாற்றிய கதை

நடை வழக்கமாக சான் மார்க்கோ சதுக்கத்தில் ஆரம்பமாகின்றது. அங்குள்ள பெரிய தேவாலயத்தின் கதையே ஒரு வியாபாரக் கதைதான். கி.பி. 828 இல் வெனிஸ் வியாபாரிகள் இருவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மார்க்கின் உடலைக் கவர்ந்து வந்தார்களாம். துறைமுகத்திலிருந்த முஸ்லிம் சுங்க அதிகாரிகள் சோதனையிடாதிருக்க, பெட்டியின் மேல் பன்றி இறைச்சியைப் பரப்பினார்களாம். இதை ஒளித்து வைக்க வேண்டிய சங்கதியாக வெனிஸ் மக்கள் கருதவில்லை. தேவாலயத்தின் உட்புறத்தில் வர்ணக் கற்களால் சித்திரமாகவே பதித்து வைத்திருக்கின்றார்கள்.

சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் 1499 இல் திறக்கப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. அதன் உச்சியில் இரு வெண்கல உருவங்கள் சம்மட்டியால் மணியை அடிக்கின்றன. வெண்கலம் கறுத்துப் போனதால் மக்கள் அவற்றுக்கு 'மோரி' என்று பெயரிட்டனர். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபோது எமது மூதாதையரை அழைத்த 'மூர்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இன்றும் எமது பிறப்புச் சான்றிதழ்களில் 'இலங்கைச் சோனகர்' என்பதற்கு எதிரே ஆங்கிலத்தில் நிற்பது அந்தச் சொல்தான்.

அதே சதுக்கத்தில் 1720 இல் ஆரம்பித்த புளோரியன் என்ற கோப்பிக் கடை உள்ளது. அரபு நாட்டுக் கோப்பியை ஒஸ்மானிய வியாபாரத் தொடர்புகள் மூலம் ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்த முக்கிய வாசல்களில் ஒன்று வெனிஸ். இங்கே மேசையில் அமர்ந்து கோப்பி கேட்போர் விலைப்பட்டியலை முதலில் வாசிப்பது நல்லது. வாத்தியம் இசைக்கப்படும் நேரத்தில் இசைக்கும் தனியாகக் கட்டணம் சேரும்.

அரபு மொழி பேசும் கட்டடங்கள்

கோபுரத்தின் கீழுள்ள வளைவைக் கடந்தால் மெர்ச்சரியே என்ற கடைத்தெரு. புறக்கோட்டை குறுக்குத் தெருக்களில் பழகியவர்களுக்கு இந்த நெரிசல் புதிதல்ல. பல நூற்றாண்டுகளாகத் துணி வியாபாரிகளின் தெருவாக இருந்த இதன் வழியே பத்து நிமிடம் நடந்தால் ரியால்தோ வருகின்றது. வெனிஸின் உண்மையான வியாபார மையம் இதுதான்.

பாலத்தருகே நிற்கும் பெரிய கட்டடத்திற்குப் பெயர் 'பொந்தாக்கோ தெய் தெதெஸ்கி'. ஜேர்மன் வியாபாரிகளின் விடுதி என்று பொருள். பொந்தாக்கோ என்பது வேறொன்றுமல்ல, அரபு மொழியின் 'புந்துக்' தான். மத்திய கிழக்கில் வேலை செய்தவர்களுக்கு அது ஹோட்டலைக் குறிக்கும் சொல் என்பது தெரியும். வெனிஸின் வியாபார அகராதி முழுவதிலும் இப்படித்தான். சுங்கத்திற்கான 'தொகானா', 'திவான்' என்பதிலிருந்து வந்தது. களஞ்சியத்தைக் குறிக்கும் 'மகட்சீனோ', 'மக்ஸன்' என்பதிலிருந்து வந்தது. நாணயசாலைக்கான 'சேக்கா', 'சிக்கா' என்பதிலிருந்து வந்தது. கப்பல் கட்டும் 'அர்செனாலே' கூட 'தாருஸ் ஸினாஆ' என்பதன் திரிபுதான். யாரோடு வியாபாரம் செய்தார்களோ அவர்களது சொற்களையும் சேர்த்தே இறக்குமதி செய்திருக்கின்றார்கள்.

ஜேர்மன் வியாபாரிகள் இந்தக் கட்டடத்திலேயே தங்க வேண்டும், இங்கேயே விற்க வேண்டும், அரசு நியமித்த தரகர் முன்னிலையிலேயே பேரம் பேச வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு மூடைக்கும் அரசுக்குரிய தீர்வை தவறாது சேர்ந்தது. தீக்கிரையான கட்டடம் 1508 அளவில் மீளக் கட்டப்பட்டது. பிற்காலத்தில் அது தபாலகமாகியது. 2016 இல் ஆடம்பரப் பொருள் அங்காடியாகத் திறக்கப்பட்டு, 2025 இல் அதுவும் மூடப்பட்டது.

எமது கடலிலிருந்து அவர்கள் சந்தைக்கு

இந்தக் கட்டடங்களை எல்லாம் எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய் என்பவற்றிலிருந்துதான். மலபார் மிளகையும் இலங்கைக் கறுவாவையும் முஸ்லிம் வியாபாரிகள் செங்கடல் வழியாக எகிப்துக்குக் கொண்டு சென்றனர். அலெக்சாந்திரியாவில் வெனிஸ் கப்பல்கள் அவற்றை ஏற்றின. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது. ரியால்தோவை அடையும்போது மிளகு செல்வந்தரின் பண்டமாகிவிட்டது. 1284 இல் அச்சிடத் தொடங்கிய வெனிஸின் தங்க டுக்காட் நாணயம் எதிர்த்திசையில் பயணித்து மலபார் கரை வரை புழங்கியது.

1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்ததும், 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்ததும் எமது பாடப்புத்தகத்தில் உள்ளவை. அதே சம்பவங்கள் வெனிஸையும் உலுக்கின. கொழும்பில் கறுவாவுக்கு ஆபத்து வந்த அதே காலத்தில் ரியால்தோவிலும் கலக்கம். எனினும் வெனிஸ் ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செங்கடல் வழி மிளகு மீண்டும் பெருமளவில் வந்தது. 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இந்து சமுத்திரத்தில் காலூன்றிய பின்னரே அந்த வியாபாரம் நிரந்தரமாகக் கைவிட்டுப் போனது.

பாலத்தின் கணக்கு

ரியால்தோ கல் பாலம் 1588 க்கும் 1591 க்கும் இடையில் கட்டப்பட்டது. முன்னிருந்த மரப்பாலம் ஒருமுறை கூட்டத்தின் பாரம் தாங்காது இடிந்து விழுந்தது. புதிய பாலத்திலும் இரு வரிசைக் கடைகளை அமைத்து அரசு வாடகை பெற்றது. பாலம் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

பாலத்தைக் கடந்ததும் சான் ஜாக்கமோ என்ற சிறு தேவாலயம். அதன் பின்சுவரில் பழைய கல்வெட்டொன்று உண்டு. வியாபாரியின் நடத்தை நேர்மையாகவும், நிறை சரியாகவும், ஒப்பந்தம் வஞ்சகமற்றதாகவும் இருக்கட்டும் என்பது அதன் கருத்து. இந்தச் சதுக்கத்தில்தான் வங்கியாளர்கள் வாங்கு போட்டு அமர்ந்தனர். 'பாங்கோ' என்ற அந்த வாங்கே இன்றைய 'பேங்க்'. தனியார் வங்கிகள் ஒன்றன் பின் ஒன்றாக முறிந்து வைப்பாளர்கள் பணத்தை இழந்ததால், 1587 இல் அரசே இங்கு பொது வங்கியொன்றை ஆரம்பித்தது.

உயர்தரத்தில் கணக்கீடு கற்கும் எமது பிள்ளைகள் லூக்கா பசியோலியின் பெயரை அறிவார்கள். இரட்டைப் பதிவு முறையை விளக்கும் அவரது நூல் 1494 இல் அச்சானது இந்த வெனிஸில்தான். முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கனவே கையாண்டதை ஒழுங்குபடுத்தி எழுதினார்.

நடையின் இறுதியில், பெரிய கால்வாய்க் கரையில் 'பொந்தாக்கோ தெய் துர்க்கி' நிற்கின்றது. 1621 முதல் 1838 வரை ஒஸ்மானிய வியாபாரிகளின் விடுதியாகவும் களஞ்சியமாகவும் இருந்த மாளிகை. உள்ளே தொழுகைக்கு இடமிருந்தது, குளிக்கும் வசதி இருந்தது. இரவில் கதவுகள் பூட்டப்பட்டன. வெனிஸ் ஒஸ்மானியரோடு பலமுறை போர் புரிந்தது. 1645 இல் கிரீட் தீவுக்காகத் தொடங்கிய போர் மட்டும் 24 வருடங்கள் நீடித்தது. அதற்குப் பின்னரும் அந்த விடுதி இயங்கியது. இன்று அது இயற்கை வரலாற்று நூதனசாலை.

மருந்துக்கடை ஜன்னலில் ஓர் எண்

இதுவரை கண்டது பழைய ஐந்தொகை. புதிய ஐந்தொகையைக் காண ரியால்தோவுக்கு அருகிலுள்ள சான் பர்த்தலொமியோ சதுக்கத்திற்குத் திரும்ப வேண்டும். அங்கு ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் மின் எழுத்தில் ஓர் எண் காட்டப்பட்டு வருகின்றது. நகரில் வசிப்போரின் தொகை அது. 1951 இல் சுமார் ஒரு இலட்சத்து 75 ஆயிரம் பேர் வாழ்ந்த பழைய நகரில் 2022 இல் 50 ஆயிரத்திற்கும் குறைந்தது.

காரணம் எளிது. ஒரு குடும்பத்திற்கு மாத வாடகைக்கு விடுவதை விட, பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது அதிக இலாபம். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவருக்கு அது புத்திசாலித்தனம். எல்லோரும் அப்படியே செய்யும்போது பாடசாலைக்குப் பிள்ளை இல்லை, பேக்கரிக்கு வாடிக்கையாளர் இல்லை. ரியால்தோ மீன் சந்தையில் கடைகள் குறைந்துவிட்டன. முகமூடி விற்கும் கடைகள் பெருகிவிட்டன. அத்தகைய நினைவுப்பொருள் கடைகள் பலவற்றில் நிற்பவர்கள் பங்களாதேஷ் சகோதரர்கள். அவர்களில் அநேகர் கடலுக்கு அப்பால் மெஸ்த்ரேயில் வசித்து தினமும் வந்து போகின்றனர்.

அரசும் நகரசபையும் விழித்துக்கொண்டு சில நடவடிக்கைகளை எடுத்தன. 2021 இல் பெரும் பயணிகள் கப்பல்கள் நகர முகப்பைக் கடப்பது தடைசெய்யப்பட்டது. 2024 இல் வழிகாட்டியின் பின்னால் செல்லும் குழு 25 பேருக்கு மேற்படக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வந்தது. அதே வருடம் 29 நாட்களுக்கு, பகலில் வந்து திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. 2025 இல் அது 54 நாட்களாகியது. கடைசி நேரத்தில் பதிவோருக்கு 10 யூரோ. வருமானம் கிடைத்தது, கூட்டம் பெரிதாகக் குறையவில்லை என்பதே விமர்சகர்களின் கருத்து.

எமக்கென்ன?

வெனிஸ் 1987 இலும் காலி கோட்டை 1988 இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. காலி கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. வீடுகள் விடுதிகளாகவும் நகைக்கடைகளாகவும் மாறிவருவதையும் அனைவரும் காண்கின்றோம். விற்பவரைக் குறை கூற முடியாது. நல்ல விலை வரும்போது விற்பது வியாபார தர்மம். ஆனால் விற்பதற்கு முன் செய்யக்கூடிய வேறு கணக்குகளும் உண்டு.

முதலாவது, கீழ்த்தளத்தை மட்டும் குத்தகைக்கு விட்டு மேலே குடியிருக்கலாம். சொத்தும் நிற்கும், வருமானமும் வரும். இரண்டாவது, காலியிலும் புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசல் சுற்றுவட்டத்திலும் நடந்து பார்க்க உல்லாசப் பிரயாணிகள் தினமும் வருகின்றனர். அவர்களுக்குக் கறுவாவின் கதையையும் சோனகரின் கதையையும் சொல்வதற்கு, முறையான பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் பெற்ற எமது இளைஞர்கள் எத்தனை பேர்? முதலீடு அதிகம் தேவையில்லாத தொழில் இது. மொழியும் வரலாறும் நல்ல சப்பாத்தும் போதும். மூன்றாவது, ஊர்ச் சங்கங்கள் வசிப்போரின் தொகையை வருடந்தோறும் எண்ணி எழுதி வைக்க வேண்டும். வெனிஸில் அந்த எண்ணை ஒரு மருந்துக்கடை மக்கள் கண்முன் வைத்தபோது சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் போய்விட்டிருந்தனர். எமது ஊர்களில் எண்ணுவதற்கு இன்னும் ஆட்கள் இருக்கின்றார்கள்.