75 வாட்டுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு



பிறந்தநாள், ஜி.சி.எஸ்.இ. முடிந்த கோடை விடுமுறை, பகுதிநேர வேலையின் முதல் சம்பளம் என்று நம் வீடுகளில் கணினி வாங்கும் பேச்சு எழும் சந்தர்ப்பங்கள் பல. புதிய கேமிங் கணினியின் விலையைப் பார்த்ததும் அப்பா மௌனமாகிவிடுவார். அடுத்து நம் கண் போகுமிடம் அலுவலகங்கள் கழித்து, துடைத்து, மறுபடி விற்பனைக்கு வரும் டெஸ்க்டாப்புகள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று பல பெயர்கள். உழைக்கக்கூடிய, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் நல்ல இயந்திரங்கள்தான். அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிவிட்டால் எல்லா விளையாட்டும் ஓடும் என்று நினைக்கிறோம்.

பணம் வீணாவது அங்கேதான். வாங்கிய கார்டு பெட்டிக்குள் நுழையாது. நுழைந்தால் மின்சாரம் போதாது. மின்சாரம் போதினால் நாம் நினைத்த வேலையை அது செய்யாது. அம்மா அப்பாவின் ஓவர்டைம் பணத்தில் இப்படி ஒரு பாடம் படிக்க வேண்டியதில்லை. முதல் வேலை கார்டைத் தேர்ந்தெடுப்பது அல்ல. கையில் இருக்கும் பெட்டியை அளப்பது.

கார்டு தேவைதானா?

வீட்டுப்பாடம், யூடியூப், ஜூம், இரண்டு திரைகள் இவற்றுக்குத் தனி கார்டு வேண்டாம். இன்டெல் 8, 9, 10ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவற்றில் யு.எச்.டி. 630 என்ற கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் மட்டும் அது இல்லை என்று பொருள்.

ஆராதனையை நேரலையில் அனுப்பும் நம் மீடியா குழுவினருக்கும் இது பொருந்தும். அந்தப் பிராசசருக்குள் குவிக் சின்க் என்ற வீடியோ என்கோடர் இருக்கிறது. ஓ.பி.எஸ். மென்பொருளின் அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கேமரா நேரலைக்கு அதுவே போதும். நேரலைக்கு என்று சொல்லி ஜி.டி. 1030, ஆர்.எக்ஸ். 6400 போன்ற கார்டுகளை வாங்கினால் ஏமாற்றம்தான். அந்த இரண்டிலும் வீடியோ என்கோடரே கிடையாது.

மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் அளவில் விளையாடுகிறவர்கள் முதலில் மெமரியைப் பாருங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை. கணினியின் ரேமைத்தான் அது கடன் வாங்குகிறது. அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ரேம் குச்சி இருக்கும். அதே அளவில் இரண்டாவது குச்சியைப் போட்டால் இரண்டு பாதைகளும் திறந்து கிராபிக்ஸின் வேகமும் கூடும். கார்டைவிட இது மலிவு.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். உங்கள் பெட்டி அதற்கு முந்தையது என்றால், அதற்குக் கார்டு வாங்கும் பணத்தை அடுத்த பெட்டிக்காக எடுத்து வையுங்கள்.

75 வாட் என்ற கோடு

மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்காக உள்ள நீளமான ஸ்லாட்டின் பெயர் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் x16. கார்டுக்குத் தகவல் போவதும் மின்சாரம் போவதும் அதன் வழியாகவே. அந்த ஸ்லாட் தரக்கூடிய உச்ச மின்சாரம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுகளுக்கு பவர் சப்ளையிலிருந்து 6 அல்லது 8 பின் கொண்ட தனி கேபிள் வர வேண்டும்.

அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் அந்தக் கேபிள் இல்லை. சிறிய பெட்டிகளில் இருக்கும் பவர் சப்ளை மொத்தமே 180 முதல் 260 வாட் வரைதான். அதில் பிராசசர் ஏறக்குறைய 65 வாட் எடுத்துக்கொள்ளும். "பெரிய பவர் சப்ளை மாற்றிவிடலாமே" என்று கேட்பீர்கள். இந்த நிறுவனங்கள் மதர்போர்டு இணைப்பியைத் தங்கள் சொந்த வடிவத்தில் செய்திருக்கின்றன. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை பல மாடல்களில் நேரடியாகப் பொருந்தாது.

சாட்டா கேபிளை 6 பின்னாக மாற்றும் சிறிய அடாப்டர் இணையத்தில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். ஹார்ட் டிஸ்குக்காக உருவான சாட்டா இணைப்பி 12 வோல்ட்டில் 54 வாட் வரை மட்டுமே தாங்கும்படி அமைந்தது. 6 பின் கேட்பதோ 75 வாட். மீதி சுமை வெப்பமாகி பிளாஸ்டிக்கை உருக்கும். படுக்கையறை மேசைக்கடியில் இரவெல்லாம் ஓடும் கணினியில் அந்த ஆபத்து வேண்டாம்.

ஆகவே நமக்கான கார்டு, தனி கேபிள் கேட்காத, 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டு. சில பழைய சிறிய பெட்டிகள் ஸ்லாட்டுக்கு 75 வாட்டைக்கூட முழுமையாக அனுமதிப்பதில்லை. உங்கள் மாடலின் கையேட்டை உற்பத்தியாளரின் தளத்தில் எடுத்து அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

பெட்டியின் உயரம்

ஒரே மாடல் பெயரில் மூன்று அளவுகள் வரும். டவர் எனப்படும் பெரிய பெட்டியில் சாதாரண உயரக் கார்டு நிற்கும். அதன் பின்பக்கத் தகடு 12 சென்டிமீட்டர். எஸ்.எஃப்.எஃப். எனப்படும் ஒல்லிப் பெட்டிக்கு லோ புரொஃபைல் கார்டு வேண்டும். அதன் தகடு சுமார் 8 சென்டிமீட்டர். கைப்பிடி அளவுள்ள மைக்ரோ, மினி, டைனி வகைகளில் பொதுவாக இந்த ஸ்லாட்டே கிடையாது.

தடிப்பையும் பாருங்கள். பல கார்டுகளின் ஃபேன் பக்கத்து ஸ்லாட்டின் இடத்தையும் பிடிக்கும். சில ஒல்லிப் பெட்டிகளில் நீள ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை இருப்பதால் ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டுமே நுழையும். மூடியைத் திறந்து அளவுகோல் வைத்து அளந்து, அலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பெட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் டவரையே கேளுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கார்டுத் தேர்வு எளிதாகும்.

எந்தக் கார்டு?

ஜி.டி. 710, ஜி.டி. 730: இவை கூடுதலாக ஒரு திரை இணைக்க மட்டும். அலுவலகக் கணினியில் இவற்றில் ஒன்றைச் செருகி, நிறம் மாறும் விளக்கு ஒட்டி, 'கேமிங் பிசி' என்று விற்கிறார்கள். பெற்றோர் நம்பி வாங்கிவிடுகிறார்கள். விளம்பரத்தில் இந்தப் பெயர்களைக் கண்டால் கடந்து போங்கள்.

ஜி.டி. 1030: 30 வாட் மட்டுமே எடுக்கும் சிறிய கார்டு. ஆனால் ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிகாபைட் வேகம். டிடிஆர்4 மெமரி உள்ளது 17க்கும் குறைவு. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில்தான் அது அச்சிடப்பட்டிருக்கும்.

ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ: 2016இல் வந்தது, 4 ஜிபி மெமரி, 75 வாட். பல ஆண்டுகள் இந்த வகையில் இதுவே எல்லாருடைய தேர்வு. இதற்கும், இதற்கு முந்திய 750 டிஐக்கும் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா நிறுத்திவிட்டது. யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

ஜி.டி.எக்ஸ். 1650: 2019இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். இரண்டாம் கைச் சந்தையில் நம் பட்ஜெட்டுக்கு ஏற்றது. ஃபோர்ட்நைட், வாலரன்ட் போன்றவற்றை 1080பி திரையில் நடுத்தர அமைப்பில் நன்றாக ஓட்டும். இதே பெயரில் 6 பின் கேபிள் கேட்கும் கார்டுகளும் இருக்கின்றன. படத்தில் கார்டின் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். அங்கே இணைப்பி இருந்தால் அது உங்களுக்கானது அல்ல.

ஆர்.எக்ஸ். 6400: 53 வாட், லோ புரொஃபைல், ஒற்றை ஸ்லாட்டிலும் கிடைக்கும். இடமே இல்லாத பெட்டிக்கு இது உதவும். ஆனால் இது தகவலுக்கு 4 பாதைகளை மட்டும் பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் அது போதும். பழைய அலுவலகக் கணினிகளில் இருப்பது மூன்றாம் தலைமுறை. அங்கே பாதையின் வேகம் பாதியாகிறது. 4 ஜிபி மெமரி நிரம்பும் விளையாட்டுகளில் படம் திக்கித் திக்கி வரும்.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380: விலைக்கு நல்ல வசதிகள், ஏவி1 வீடியோவை என்கோட் செய்யவும் தெரியும். ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் இவை தங்கள் முழு வேகத்தைக் காட்டும். பழைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் அது இல்லை.

ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜிபி: 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட். தனி கேபிள் கேட்காத, சாதாரணக் கடையில் புதிதாகக் கிடைக்கும் கார்டுகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான். விளையாட்டோடு வீடியோ எடிட்டிங், பிளெண்டர் செய்கிறவர்களுக்கும் பயன்படும். லோ புரொஃபைல் வடிவமும் உண்டு, ஆனால் இரண்டு ஸ்லாட் தடிப்பு. கவனம்: இதே பெயரின் 8 ஜிபி கார்டு 130 வாட் எடுக்கும், தனி கேபிளும் கேட்கும். பெயருக்குப் பின்னால் உள்ள '6 ஜிபி' என்பதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

சுருக்கமாக: டவர் பெட்டியும் குறைந்த பணமும் என்றால் இரண்டாம் கை 1650. இன்னும் சில மாதம் சேமிக்க முடிந்தால் 3050 6 ஜிபி. ஒற்றை ஸ்லாட் ஒல்லிப் பெட்டி என்றால் ஆர்.எக்ஸ். 6400, அதன் குறையைத் தெரிந்துகொண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் போன்ற விளையாட்டுகள் ரே டிரேசிங் வசதியும் 8 ஜிபி மெமரியும் கட்டாயமாகக் கேட்கின்றன. 75 வாட்டுக்குள் உள்ள பட்ஜெட் கார்டு எதுவும் அதற்குப் போதாது. உங்கள் ஆசை அங்கே இருந்தால் பழைய பெட்டியில் பணம் போடாமல் காத்திருங்கள்.

இரண்டாம் கையாக வாங்கும்போது

பழைய சிப்பின் மென்பொருளை மாற்றி '1050 டிஐ' என்று பெயர் ஒட்டி விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் பல போலிகளை அது காட்டிக்கொடுக்கும். நேரில் வாங்கினால், கணினியில் பொருத்தி ஒரு விளையாட்டை 20 நிமிடமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் சுழல்கிறதா, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா என்று பாருங்கள்.

பிரிட்டனில் இணையம் வழியாக ஒரு வியாபாரியிடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. பத்து பவுண்ட் குறைவு என்பதற்காக அதை விட்டுக்கொடுப்பது லாபமா என்று யோசியுங்கள்.

மின் கட்டணம்

70 வாட் கார்டை தினம் 3 மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 77 யூனிட். 250 வாட் கார்டு அதே நேரத்துக்கு 274 யூனிட் குடிக்கும். யூனிட்டுக்கு 26 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் முன்னதற்கு 20 பவுண்ட், பின்னதற்கு 71 பவுண்ட். வீட்டின் மின் கட்டணத்தைக் கட்டுகிறவர் உங்கள் அறைக்கு வெளியே இருக்கிறார். "வேண்டாம்" என்று சொன்ன அப்பாவிடம் மறுபடி பேசப் போகும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கடைக்குப் போகுமுன் எழுத வேண்டியவை

1. கணினியின் முழு மாடல் பெயர், பிராசசர் தலைமுறை.
2. பவர் சப்ளையின் வாட். 6 பின் கேபிள் உண்டா, இல்லையா.
3. தகட்டின் உயரம், ஒரு ஸ்லாட் இடமா, இரண்டா, கார்டுக்கு உள்ள நீளம்.
4. திரையில் உள்ள இணைப்பு: எச்.டி.எம்.ஐ.யா, டிஸ்ப்ளே போர்ட்டா.
5. நீங்கள் உண்மையில் விளையாடும் மூன்று விளையாட்டுகளின் பெயர், அவை கேட்கும் குறைந்தபட்சக் கார்டு.

ஐந்தும் எழுதி முடித்ததும், இணையத்தில் நூறு கார்டுகளாகத் தெரிந்தவை இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். எழுதுவதில் சந்தேகம் இருந்தால் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாலிபர் அறைக்குத் தாளைக் கொண்டு வாருங்கள். பெட்டியையும் தூக்கி வந்தால் இன்னும் நல்லது. ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது.